இரண்டு நிமிட விமானப் பயணம்

காலம் = தொலைவு ÷ வேகம். இந்த சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடமா தெரியும். உலகத்திலேயே மிகக் குறைந்த தூரம் போகும் பயணிகள் விமானத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் ஆர்க்னி என்ற தீவுக்கூட்டம் உள்ளது. அதில் வெஸ்ட்ரே ஒரு தீவு. பக்கத்துத் தீவு பாப்பா வெஸ்ட்ரே. (சிரிக்காதீங்க, இது நம்ம பாப்பா இல்லை! பழைய நார்ஸ் மொழியில் கிறித்தவத் துறவிகளைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்த பெயர்.) 2011 கணக்கெடுப்பில் பாப்பா வெஸ்ட்ரேயில் 90 பேர்தான் இருந்தார்கள். இரண்டு தீவிலும் சின்ன விமான நிலையம் உண்டு. இடையில் சுமார் 2.7 கி.மீ. எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையே கிட்டத்தட்ட இவ்வளவு நீளம்!

இவ்வளவு பக்கத்துக்கு எதுக்கு விமானம்னு கேட்பீங்க. கிர்க்வால் என்ற ஊரிலிருந்து கிளம்பி, பஸ் மாதிரி இந்தத் தீவுகளில் நின்று போகிறது. ஆசிரியர்கள், நோயாளிகள் எல்லாம் இதில்தான் போய் வருகிறார்கள். 1967-ல் ஆரம்பித்தது.

இப்போ கணக்கு. ஐலேண்டர் என்ற இந்தச் சின்ன விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 240 கி.மீ. 2.7 கி.மீ. போக 40.5 வினாடி வரணும். ஆனால் கால அட்டவணையில் 2 நிமிடம் போட்டிருக்கிறது. ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி இந்த வழியில் 12,000 தடவைக்கு மேல் ஓட்டியவர். அவருடைய சாதனையே 53 வினாடிதான்!

சூத்திரம் தப்பு இல்லை. தரையை விட்டுக் கிளம்பும்போது விமானத்துக்கு முழு வேகம் இருக்காது. மேலே ஏறும்போதும் மெதுவாத்தான் போகும். வேகம் பிடிக்கிறதுக்குள்ளே இறங்க வேண்டி வந்துடும். ஏறவும் இறங்கவும் காற்றைப் பார்த்துத் திரும்பணும், அதனால் தூரமும் கூடும். 2.7 கி.மீ.க்கு 2 நிமிடம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 81 கி.மீ.தான். ரயிலே இதைவிட வேகமா போகும்! 1000 கி.மீ. பயணத்தில் ஒரு நிமிடம் கூடினால் தெரியாது. இங்கே ஒரு நிமிடம் என்பது பாதிப் பயணம்.

அடுத்தது காற்று. ஆர்க்னியில் காற்று அதிகம். எதிர்க்காற்று மணிக்கு 48 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் பறந்தாலும் 240 - 48 = 192 கி.மீ. வேகம்தான் கிடைக்கும். போக 50.6 வினாடி. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். வேகம் 288, நேரம் 33.8 வினாடி. போகும்போது இழந்தது வரும்போது கிடைச்சிடும்னு தோணும். கூட்டிப் பாருங்க, 84.4 வினாடி. காற்றே இல்லாவிட்டால் 81 வினாடிதான். மெதுவாகப் போகும் பக்கத்தில் அதிக நேரம் இருப்பதால் நஷ்டம்தான் அதிகம்.

எதிர்க்காற்றும் 240 கி.மீ. வேகத்தில் அடித்தால்? 2.7 ÷ 0 என்று வரும். விமானம் வானத்தில் அப்படியே நிற்கும், பாப்பா வெஸ்ட்ரே வரவே வராது!