பிந்தி வரும் ஒலி

திருப்பத்தூர்ப் பக்கத்தில் ஒரு திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையருகே ஒரு குழாய் ஒலிபெருக்கி. 70 மீட்டர் தள்ளி, தெருக்கோடியில் இன்னொன்று. கூட்டத்தில் ஒரு குழந்தை காணாமல் போய்விட்டது. அதன் பெயரையும் சட்டையின் நிறத்தையும் மேடையிலிருந்து அறிவிக்கிறார்கள். தெருக்கோடியில் நிற்கும் உங்களுக்கோ ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சத்தம் போதவில்லையா? காது பிளக்கிறது! மைக்செட்காரர் சத்தத்தை இன்னும் கூட்டுகிறார், குழப்பமும் கூடுகிறது.

காரணம் என்ன? கம்பியில் மின்சாரம் கண்ணிமைக்கும் முன் ஓடிவிடுகிறது. பக்கத்து ஒலிபெருக்கி உடனே பேசிவிடுகிறது. ஆனால் காற்றில் ஒலி, நம் ஊர் வெயிலிலும்கூட, விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் செல்லும். மேடையிலிருந்து 70 மீட்டரைக் கடந்து வர அதற்கு 0.2 விநாடி வேண்டும். ஓர் அசையை நாம் உச்சரிக்கும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே. 'பச்சை' என்ற சொல்லில் அருகிலிருந்து 'சை' வரும்போது, தொலைவிலிருந்து 'பச்' வந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது.

பரிகாரம் வேடிக்கையானது. பக்கத்து ஒலிபெருக்கியைக் காக்க வைக்க வேண்டும்! அதற்குச் செல்லும் மின்குறியை 0.2 விநாடியும், அதற்கு மேல் 15 மில்லிவிநாடியும் தாமதப்படுத்தினால், மேடையின் ஒலி முந்திக்கொள்ளும். முதலில் வரும் ஒலியின் திசையையே நம் மூளை நம்புகிறது. சற்றுப் பிந்தி வருவதைத் தனியாகக் கேளாமல் முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை ஆராய்ந்தார். 5 முதல் 30 மில்லிவிநாடி வரை பிந்திய பேச்சு, 10 டெசிபல் கூடுதலாக, அதாவது பத்து மடங்கு ஆற்றலுடன் வந்தாலும் முதல் ஒலியே தலைவன் என்று கண்டார். ஒரு எச்சரிக்கை: இரண்டாவது குழாய் மேடைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மேடையருகே உள்ளவர்களுக்கு அதன் ஒலி 0.4 விநாடி பிந்திச் சேரும்.

1950-களின் தொடக்கத்தில் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் இந்தத் தாமதத்தைச் சுழலும் காந்தத் தட்டு ஒன்றால் உண்டாக்கினார்கள். ஒரு முனை பதிவு செய்யும். சற்றுத் தள்ளியுள்ள முனை அதைப் படிக்கும். இன்று அதை ஒரு சிறு சில்லு செய்துவிடுகிறது.

இதே தந்திரம் திரையரங்கிலும் உண்டு. 1995-இல் வந்த 'குருதிப்புனல்' படம் டால்பி ஸ்டீரியோ முறையில் ஒலியமைக்கப்பட்டது. நான்கு ஒலித்தடங்களை இரண்டில் அடக்கும் முறை அது. பிரிக்கும்போது நடிகரின் பேச்சு கொஞ்சம் கசிந்து சுவர் ஒலிபெருக்கிகளிலும் கேட்கும். பின்வரிசையில் இருப்பவருக்குத் திரை 28 மீட்டர், சுவர் 7 மீட்டர் என்றால், சுவரின் ஒலி 60 மில்லிவிநாடி முந்திவிடும். பேச்சு காதருகே கேட்கும். அதற்கும் கொஞ்சம் அதிகமாகச் சுவரைத் தாமதித்தால் பேச்சு மீண்டும் நடிகரின் வாய்க்கே போய்விடுகிறது. முன்வரிசைக்கு இதே கணக்கு பொருந்தாது. எல்லா இருக்கைக்கும் ஒரே நீதி வழங்க எந்தப் பொறியாளராலும் முடியாது.

ஒலிக்கலவை செய்பவர் தாமதத்தைக் கொண்டு இடத்தையே படைக்கிறார். ஏலகிரியில் ஒருவன் கூவும் காட்சி என்று வையுங்கள். குரல் திரையில். அதன் மெல்லிய நகல் 0.4 விநாடி கழித்துப் பின்சுவரில். உடனே உங்கள் முதுகுக்குப் பின்னே 70 மீட்டரில் ஒரு பாறை எழுந்து நிற்கும்! (போக 70, வர 70.) அதே நகலை 30 மில்லிவிநாடிக்குக் குறைத்தால் பாறை மறையும்; குரல் மட்டும் ஓர் அறைக்குள் கனத்து ஒலிக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்கள் இதற்கு நல்லவை. பள்ளிச் சுவரும் போதும். 35 மீட்டர் தள்ளி நின்று கைதட்டுங்கள், எதிரொலி 0.2 விநாடியில் வரும். தட்டிக்கொண்டே நெருங்குங்கள். எதிரொலி கேட்க 17 மீட்டராவது வேண்டும் என்று பாடநூல் சொல்லும். கைதட்டல் போன்ற குறுகிய ஒலிக்கு அதைவிடக் கிட்டத்திலும் இரண்டும் பிரிந்தே கேட்கும். உங்கள் காதில் அவை எத்தனையாவது மீட்டரில் ஒன்றாகின்றன? அளந்து, தாமதத்தைக் கணக்கிட்டு நோட்டில் எழுதுங்கள். பிறகு கைதட்டலுக்குப் பதிலாக உங்கள் பெயரைக் கூவிப் பாருங்கள், எண் மாறும்.