வாழ்த்தும் வாயுறையும்

2022 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆம் நாள் திருக்கோணமலைக் கடற்படைத் தளத்தின் வாயிலில் மக்கள் திரண்டு நின்றனர். முதல்நாள் பிரதமர் பதவியைத் துறந்த மகிந்த இராசபக்ச, கொழும்பு அலரி மாளிகையினின்றும் நீங்கி, அத்தளத்தினுள் அடைக்கலம் புகுந்துள்ளார் என்னும் செய்தி ஊரெங்கும் பரவியமையே அதற்குக் காரணம். மறுநாள் பாதுகாப்புச் செயலாளரும் அதனை உறுதிப்படுத்தினார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ‘மகாராசா’ என்று பாட்டில் விளிக்கப்பெற்ற ஒருவர்க்கு, ஆங்கிலேயர் 1957 இல் இலங்கையிடம் கையளித்துச் சென்ற நம் துறைமுகத்துத் தளமே புகலிடமாயிற்று.

அன்று நம்முள் எழுந்த வினா ஒன்று உண்டு. இத்துணைப் புகழ்ச்சியும் ஓர் ஆட்சியாளரின் செவியில் விழுந்துகொண்டிருந்த காலத்தில், அதனூடே வேறு எக்குரலும் அவர் செவியை எட்டவில்லையா? எட்டாதவாறு தடுப்பதுதான் அப்புகழ்ச்சியின் வேலையா? தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வினா வெறும் அரசியல் வினாவன்று. புகழ்மொழி நம் பட்டறையிற் செய்யப்படுவது.

ஈண்டு ஒன்று கூறிவிடுதல் முறையாகும். இராசபக்சவை ஸ்டாலினோடும் மாவோவோடும் ஒரே தட்டில் நிறுத்துதல் எம் கருத்தன்று. அவர் வாக்கினால் வந்தார். 2015 சனவரி 8 இல் வாக்கினால் நீங்கினார். ஆயினும் சர்வாதிகாரம் எப்பாத்தியில் முளைக்கும், அப்பாத்தி யார் கைகளாற் கட்டப்படும் என்பதைக் காண, உருசியாவுக்கும் சீனத்துக்கும் போக வேண்டியதில்லை. அது நம் கண்முன் நிகழ்ந்தது.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அவ்வாண்டே வெளியான ஆயிரம் ரூபாய் நினைவுத்தாளில் பதவியிலிருந்த சனாதிபதியின் உருவம், கைகளை உயர்த்திய கோலத்தில், அச்சாயிற்று. அவரைத் துட்டகைமுனுவோடு ஒப்பிட்டுப் பேசுதல் வழக்காயிற்று. 2010 நவம்பர் 18 ஆம் நாள், அவருடைய பிறந்த நாளில், அம்பாந்தோட்டைத் துறைமுகம் அவர் பெயரோடு தொடக்கி வைக்கப்பட்டது. சூரியவெவவில் விளையாட்டரங்கும், கொழும்பில் தாமரைத் தடாகக் கலையரங்கும், 2013 இல் மத்தளையில் வானூர்தி நிலையமும் அவர் பெயரையே தாங்கின. இவற்றுக்கிடையே, 2010 செப்டெம்பரில், ஒருவர் இருமுறைக்கு மேற் சனாதிபதியாகலாகாது என்னும் வரம்பைப் பதினெட்டாவது திருத்தம் நீக்கிற்று. பெயர்ப்பலகைகளை நோக்கி நின்ற கண்கள் அத்திருத்தத்தைப் போதிய அளவு நோக்கின என்று சொல்லுதற்கில்லை.

இடங்களுக்கு ஆள்வோர் பெயரிடுதல் புதுமையன்று. இராசராசன் படை ஈழத்தை வென்றபோது இந்நாடு மும்முடிச் சோழ மண்டலமாயிற்று, பொலன்னறுவை சனநாதமங்கலமாயிற்று, மாந்தை இராசராசபுரமாயிற்று. இன்று பொலன்னறுவை பொலன்னறுவையே, மாந்தை மாந்தையே. நம்மூர்க் கோட்டைக்கு மட்டும் இங்கிலாந்து இளவரசர் ஒருவரின் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. கோணேசர் மலைக்கு நாள்தோறும் ஏறிச் செல்லும் அடியார்களுள் அந்தப் பிரடெரிக் யார் என்று அறிந்தவர் எத்தனை பேர்?

சோழர் மெய்க்கீர்த்தியை மாணாக்கர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கோயிலுக்கு ஒரு விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்தியாயினும், நிலம் விற்ற செய்தியாயினும், கல்லில் அதன் முன்னே அரசனின் வெற்றிகள் நிற்கும். அவற்றைக் கடந்தே விளக்குக்கு வரவேண்டும். இக்காலத்து அலுவலகங்களில் நாற்காலிக்குப் பின்னே மாட்டப்பெறும் படமும் அதே வேலையைச் செய்கின்றது. பிறப்புச் சான்றிதழ் பெறச் சென்றவரும் முதலில் அம்முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

எனினும் தமிழ் மரபு இவ்வளவில் நின்றதன்று. பாடாண்திணையின் உள்ளேயே செவியறிவுறூஉ என ஒரு துறையை நம் முன்னோர் வைத்தனர். அரசன் செவியில் அறிவைப் புகுத்துதல் என்பது அதன் பொருள். தொல்காப்பியம் வாயுறை வாழ்த்து என இன்னொன்றையும் கூறும். தொடக்கத்திற் கசந்து பின்னர்ப் பயன்தரும் மருந்துச் சொல் அது. அதற்கும் ‘வாழ்த்து’ என்றே பெயர் என்பதைக் கருதுக. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் சென்று, குடை வெயிலை மறைக்க எடுத்ததன்று, குடிகளுக்கு நிழல் தர எடுத்தது என்றும், போர்க்களத்து வெற்றியும் உழவர் ஏர் தந்த விளைவே என்றும் எடுத்துரைத்தார். பழைய நிலவரிக் கடனைத் தள்ளுபடி செய்வித்துத் திரும்பினார் என்று அப்பாட்டின் குறிப்புச் சொல்லும். பிசிராந்தையாரோ பாண்டியன் அறிவுடைநம்பியிடம் யானையைக் காட்டினார். அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தாற் சிறுநிலத்து நெல்லும் பலநாளுக்கு ஆகும்; யானை தானே வயலிற் புகுந்தால் அதன் வாயிற் புகுவதினும் காலில் மிதிபடுவதே மிகுதி என்றார். வரி வாங்கும் முறையை இதனினும் தெளிவாக எந்த நிதி ஆணைக்குழு கூறியது?

சங்ககாலத்தைப் பொற்காலமாக்கி உருகுதல் எம்போன்றோர்க்குத் தொழில்நோய் என்பதை அறிவோம். அக்காலப் புலவரும் பசித்தவர். பரிசிலுக்காக மிகைபடப் பாடியவரும் பலர். நாம் சொல்ல வருவது இவ்வளவே: வாழ்த்தும் வாயுறையும் ஒரே நாவில், ஒரே அவையில் இடம்பெற்றிருந்தன. இவ்விரண்டில் வாயுறையை அறுத்தெறிந்துவிட்டு வாழ்த்தை மட்டும் வளர்ப்பதே இக்காலத்துத் தனிமனித வழிபாடு.

அவ்வழிபாட்டை மக்கள் நம்புகின்றனரா என்று வினவுவோர் உளர். நம்பவேண்டும் என்பதே இல்லை. உருசிய எழுத்தாளர் சோல்செனிற்சின் ஒரு நிகழ்ச்சியை எழுதியுள்ளார். ஸ்டாலினுக்கு வாழ்த்துக் கூறிய ஒரு கட்சிக் கூட்டத்தில் எல்லாரும் எழுந்து கைதட்டினர். முதலில் நிறுத்துதற்கு எவரும் துணியவில்லை. பதினொரு நிமிடம் கழிந்தபின் கடதாசி ஆலை முகாமையாளர் ஒருவர் அமர்ந்தார். உடனே அனைவரும் அமர்ந்தனர். அன்றிரவே அம்முகாமையாளர் கைது செய்யப்பட்டார். அம்மண்டபத்திலிருந்தோர் ஸ்டாலினை நேசித்தனரா என்பது ஒரு பொருட்டன்று. ஒவ்வொருவரும் மற்றவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தனர். தன் ஐயம் தனக்கு மட்டுமே உரியது என்று ஒவ்வொருவரையும் எண்ணச் செய்தலே கைதட்டலின் பயன்.

புகழ்ச்சி எவ்வளவு நகைப்புக்கு இடமாயிருக்கின்றதோ அவ்வளவுக்கு அது பயன்படும் என்பதும் வியப்பே. துருக்மெனிஸ்தானத்தை ஆண்ட நியாசோவ் 2002 இல் சனவரி மாதத்துக்குத் தம் பட்டப்பெயரையும் ஏப்பிரலுக்குத் தம் தாயார் பெயரையும் சூட்டினார். அவர் பெயரால் வெளிவந்த ‘ருஹ்நாமா’ பள்ளிகளிற் கட்டாய பாடநூலாயிற்று. அந்நாட்டு ஆசிரியர்களை நினைந்து நாம் பலமுறை இரங்கியதுண்டு. பொருந்தாத ஒன்றை மாணவர்முன் மெய்யென்று சொல்லிய ஆசிரியர், மறுநாள் அதனை மறுத்துப் பேசும் தகுதியை இழக்கின்றார். வெட்கம் அவரைக் கட்டிப்போடுகின்றது. வாய்ப்பூட்டை வெளியிலிருந்து பூட்டுவதினும், வாய்க்குரியவர் கையாலேயே பூட்டுவிப்பது எளிது. 1956 பெப்பிரவரியில் ஸ்டாலினின் தனிமனித வழிபாட்டைக் கண்டித்துப் பேசிய குருசேவும் முன்னர் அவரை வானளாவப் புகழ்ந்தவரே. அக்கண்டனமும் ஸ்டாலின் இறந்து ஏறத்தாழ மூன்றாண்டு கழிந்தபின்னரே வந்தது.

வெட்கத்துக்குக் கட்டுப்படாதோரும் உளர். அவர்களுக்கு வேறு வழி. 2006 சனவரி 2 ஆம் நாள் நம் கடற்கரையில் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் குண்டு வெடித்து இறந்தனர் என்று சொல்லப்பட்டபோது, உடல்களிற் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தமையை ‘சுடர் ஒளி’ச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் காட்டின. அம்மாதம் 24 ஆம் நாள் அவரும் இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2009 சனவரி 8 இல் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்பிற் கொல்லப்பட்டார். 2013 சனவரியில், அரசின் சட்டமூலம் ஒன்றுக்கு மாறாகத் தீர்ப்பளித்த பிரதம நீதியரசர் பதவி நீக்கப்பட்டார். ஒரு நாட்டில் நகரெங்கும் நிற்கும் பதாகைகளை எண்ணுவோர், எடுக்க இயலாமற்போன படங்களையும் எண்ணுதல் வேண்டும்.

பிறர் முதுகைக் காட்டி நம் முதுகை மறைத்தல் கற்றோர்க்கு அழகன்று. நம் இனத்தாரிடையும் இவ்வழிபாடு ஓங்கியிருந்தது. விடுதலைப் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனைச் ‘சூரியதேவன்’ என்று பாடினோர் நம் தமிழறிந்தோரே. மாவீரர் நாளில் ஆண்டுக்கொருமுறை அவர் ஆற்றிய உரைக்குச் சொல்லுக்குச் சொல் பொருளுரைத்தோரும் நம்மவரே. களத்தில் மாய்ந்த பிள்ளைகளின் ஈகமும் தாய்மாரின் கண்ணீரும் மெய்யானவை. அவற்றை நாம் குறைத்துப் பேசோம். அம்மெய்யான துயரம் அனைத்தும் ஒருவரின் பீடத்துக்குப் படிக்கல்லாக வைக்கப்பட்டமையே நாம் சுட்டுவது. அரசு, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய எல்லாத் தரப்பின் குற்றங்களையும் ‘முறிந்த பனை’ நூலிற் பிறரோடு சேர்ந்து எழுதிய ராஜினி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர். 1989 செப்டெம்பர் 21 ஆம் நாள் யாழ்ப்பாணத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். வாயுறை கூறியோர்க்கு இரு பக்கத்திலும் ஒரே பரிசில் கிடைத்தது.

செவி அடைபட்டவரின் இழப்புக்கு வருவோம். 2014 நவம்பரில் இராசபக்ச, தம் பதவிக்காலம் முடிய ஏறத்தாழ ஈராண்டு இருக்கையிலேயே தேர்தலை அழைத்தார். நாள் பார்த்துக் கொடுத்த சோதிடர் இருந்தார். நாடு மாறிவிட்டது என்று சொல்லுவார் அருகில் இருந்திலர் போலும். பின்னர் அவர் தம்பியார் கோட்டாபய 2019 இல் 69 இலட்சம் வாக்குகளோடு வந்தார். ஊர்தோறும் இளைஞர் மதில்களிற் சித்திரம் தீட்டி மகிழ்ந்தனர். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே ஆணையில் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழும் என்று விவசாய அறிஞர் எச்சரித்தனர், அது செவியேறவில்லை. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூரிலும் உழவர் வெளிறிய பயிரைப் பார்த்து வரம்பில் நின்றனர். நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலபோகம் கைமீறிப் போயிருந்தது. யானை வயலிற் புகுந்துவிட்டது. பிசிராந்தையார் இல்லை. 2022 யூலையில் கோட்டாபய நாட்டை விட்டே வெளியேறினார்.

இவ்வளவும் எழுதும் கையிற் கறை இல்லாமலில்லை. நாம் ஆசிரியப் பணியிற் புகுந்த தொடக்கத்தில், இம்மாவட்டத்தின் ஒரு சிற்றூர்ப் பாடசாலையிற் கற்பித்துவந்தோம். ஒரு பெரியவர் கட்டடமொன்றைத் திறந்துவைக்க வருவதாயிருந்தது. வாழ்த்துப்பா எழுதும் பணி, வழமைபோல், தமிழாசிரியரிடம் வந்தது. (இம்மலரைத் திறந்தவுடன் ஆசிச் செய்திகளும் படங்களும் நிற்கும் வரிசையை வாசகர் அறிவர். அவ்வழமையை நாம் ஒருவராக உண்டாக்கினோமல்லோம்.) ஞாயிறு, திங்கள், மாமழை எல்லாவற்றையும் அப்பெரியவர்க்கு ஈடாக்கி எட்டு விருத்தம் எழுதினோம். எதுகை மோனை பிசகவில்லை. இனிய குரலுடைய ஒரு மாணவனை அழைத்து, இராகத்தோடு பாடப் பயிற்றினோம்.

நான்காம் நாட் பயிற்சி முடிந்ததும் அவன் தாளை மடித்துக்கொண்டு நின்றான். “சேர், எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிணறு வேணுமெண்டு இதுக்குள்ள ஒரு வரி போடேலாதா?” என்றான்.

செவியறிவுறூஉ என்னும் துறையைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்த நாம், “அது வாழ்த்துக்கு முறையில்லை, தம்பி” என்று விடை சொன்னோம். பா மிக நன்றாக அமைந்ததென்று அதிபர் பாராட்டினார். விழா நாளிற் பிள்ளைகள் காலை எட்டு மணிமுதல் வெயிலில் வரிசையாக நின்றனர். பெரியவர் பதினொன்றரைக்கு வந்தார். மாணவன் பிசகின்றிப் பாடினான். அனைவரும் கைதட்டினர், நாமும் தட்டினோம். எல்லாம் முடிந்தபின் அவனும் அவன் தோழர்களும், வழக்கம்போல், தண்ணீர் குடிக்க அயல்வீட்டுக் கிணற்றடிக்குச் சென்றனர்.