கூட்டுறவுப் பாடம்: துணையும் தன்பலமும்

ஏழைக் கிராமம் ஒன்றுக்கு வெளியார் உதவி செய்யும்போது, எவ்வளவு கொடுத்தனர் என்பதையே உலகம் கணக்கிடுகின்றது. கூட்டுறவாளராகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உதவியவர் ஊரைவிட்டுச் சென்ற பின் அங்கே நிலைத்து நின்றது யாது? இம்மாதப் பாடத்தில் இக்கேள்வியைக் குமரி மாவட்டத்து அனுபவத்தைக் கொண்டு ஆராய்வோம்.

அப்பகுதி முன்னர்த் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்தது. அங்கே நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த திருமதி மார்த்தா மால்ட் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னும் தொழிலைக் கற்பித்தார். அதில் ஈட்டிய கூலியைச் சேர்த்து அடிமைத் தளையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. இது பெரும் நன்மையே. ஆயினும் தொழிலை நடத்தியதும் சரக்கை விற்றதும் மிஷன்தான். பின்னியவர் கையில் ஊசி இருந்தது. கணக்குப் புத்தகம் இல்லை.

இக்குறையை நன்கு உணர்ந்த கிறிஸ்தவத் தலைவர்களுள் சேலத்தில் பிறந்த கே. டி. பால் (1876–1931) ஒருவர். 1916-இல் ஒய்.எம்.சி.ஏ. ஸ்தாபனத்தின் அகில இந்தியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர் அவர். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்திருந்தது. கடன் சுமை நீங்காமல் கிராமத்தான் தலை நிமிர முடியாது என்று கண்ட அவர், கிராமப் புனருத்தாரண வேலையில் கூட்டுறவுக்கு முதலிடம் அளித்தார்.

இவ்வழியில் 1920களில் மார்த்தாண்டத்தில் ஒரு நிலையம் வளர்ந்தது. அமெரிக்கரான டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் அதனை நடத்தினார். 'சுய உதவி, அதற்கு அருகிருந்து வல்லவர் ஆலோசனை' என்பதே நிலையத்தின் கொள்கை. ஆவி, அறிவு, உடல், சமூகம், பொருளாதாரம் என ஐந்து துறைகளிலும் மனிதன் ஒருங்கே உயர வேண்டும் என்றனர். கோழி வளர்த்தோர் முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்கக் கற்றனர்.

தேன் தொழில் இவற்றுள் தலையாயது. முன்பு மரப்பொந்திலிருந்த கூட்டைப் புகையிட்டுக் கலைத்து, அடையைப் புழுவோடு சேர்த்துப் பிழிவர். தேனும் கெடும், ஈக்களின் குடும்பமும் அழியும். 1911–17 ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளியில் இயேசு சபைக் குருவான நியூட்டன் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை உருவாக்கினார். அதில் புழு வளரும் அறை கீழே, தேன் அறை மேலே. மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றித் தேனைப் பிரித்தபின், வெற்றடையை மீண்டும் பெட்டியில் வைக்கலாம். ஈக்கள் புது அடை கட்டும் உழைப்பு மிச்சம். அதே குடும்பம் மறுபடியும் தேன் தரும். நிலமற்றவனும் வீட்டோரத்தில் இதனை வைத்துப் பிழைக்கலாம்.

ஆனால் பெட்டி மட்டும் போதுமா? தனித்தனியே விற்பவனுக்கு வியாபாரி சொன்னதே விலை. ஆகவே 1937-இல் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. தேனுக்குச் சொந்தக்காரரே சங்கத்துக்கும் சொந்தக்காரர் ஆயினர். 1940களில் ஹாட்ச் மெக்சிகோ நாட்டுக் கிராமங்களில் பணியாற்றலானார். அவர் சென்றார், தொழில் செல்லவில்லை.

பெருஞ்சோதனை பின்னர் வந்தது. 1991–92-இல் 'தாய் சேக்புரூட்' என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, நாட்டுத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது. பெட்டிகள் வெறுமையாயின. ஆயினும் ஈ வளர்க்கும் அறிவும் கூடி விற்கும் பழக்கமும் மக்களிடமே இருந்தன. எஞ்சிய குடும்பங்களைப் பிரித்துப் பெருக்கித் தொழிலை மீட்டனர். இன்று குமரி மாவட்டத்தின் ரப்பர்த் தோட்டங்களே அவர்களுக்குப் பெரும் தேன்வயல்கள். தானமாக வந்த பொருள் மட்டும் இருந்திருப்பின், அந்நோயோடு யாவும் முடிந்திருக்கும்.

இதில் நாம் பெறும் படிப்பினை என்ன? துணை வேண்டாம் என்பதன்று. ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கற்பித்தவர் இன்றேல் மார்த்தாண்டம் இல்லை. ஆனால் கற்பிப்பவரின் வெற்றி, தாம் இல்லாமலே வேலை நடக்கும் நாளில்தான் தெரியும். அரசு மானியமாயினும் ஆலய உதவியாயினும் அளவுகோல் இதுவே. தறிக்கு நூல் வாங்குபவரும் துணிக்கு விலை வைப்பவரும் வேறொருவராயின், நெசவாளி தன் வீட்டிலேயே கூலியாள் ஆவான். தேங்காய்க்கு விலை கூறுபவர் வேறொருவராயின், தென்னை வைத்தவனுக்கும் அதே கதிதான்.

தேங்காய்த்திட்டிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் கீழ்க்காணும் வினாக்களை ஆராய்வார்களாக:

1. நமக்குக் கிடைத்த உதவிகளுள், கொடுத்தவர் நிறுத்திய பின்னும் பயன் தருவது எது?

2. சங்கத்தின் கணக்கைப் படித்து விளக்கக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்?

3. செயலாளர் ஓராண்டு இல்லாவிடினும் வேலை நடக்க, இப்போதே யாருக்கு என்ன கற்பிக்க வேண்டும்?

மூன்றாம் வினாவுக்கு விடை கூறும்போது பெயர்களைக் குறித்துக்கொள்வது நலம். கற்பிக்கும் வேலையை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.