ஓர் ஓடை, ஓர் ஊர், இரு நாடுகள்



உலகப்படத்தை விரித்து ஐரோப்பாக் கண்டத்தைப் பாருங்கள். அதன் நடுவே அமைந்துள்ள நாடு ஜெர்மனி. பெர்லின், ஹாம்பர்க், மூனிக் முதலிய பெருநகரங்களின் பெயர்களைப் படத்தில் எளிதில் காணலாம். ஆனால், நாம் இன்று அறியவிருக்கும் ஊரின் பெயரைச் சாதாரணப் படங்களில் தேடினாலும் காண இயலாது. அவ்வூர் மோட்லராய்ட் என்பதாகும். அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 50 பேரே. எனினும் எல்லைக்கோடு வேறு, மதில் வேறு என்னும் உண்மையை இச்சிற்றூரைப் போல் விளக்கமாக எடுத்துக்காட்டும் ஊர்கள் மிகச் சிலவே.

அமைவிடம்

ஜெர்மனி பல மாநிலங்கள் சேர்ந்த கூட்டரசு நாடாகும். தெற்கே உள்ள பவேரியாவும் அதன் வடக்கே உள்ள துரிங்கியாவும் அவற்றுள் இரண்டு. இவ்விரு மாநிலங்களும் சந்திக்கும் இடத்தில், ஹோஃப் என்னும் நகருக்கு அருகே மோட்லராய்ட் அமைந்துள்ளது. மேடும் பள்ளமுமான நிலம். சுற்றிலும் வயல்கள், புல்வெளிகள், ஊசியிலைக் காடுகள். குளிர்காலம் நீண்டது. அதனால் இவ்வட்டாரத்தைப் 'பவேரியாவின் சைபீரியா' என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. ஊர்ப்பெயரின் இறுதியிலுள்ள 'ராய்ட்' என்னும் சொல் காடு வெட்டித் திருத்திய நிலத்தைக் குறிக்கும். அக்காலத்து உழவர்கள் காட்டை அழித்து இவ்வூரை உண்டாக்கினர் என்பது இப்பெயரிலிருந்தே விளங்குகிறது.

ஊரின் நடுவே தான்பாக் என்னும் ஓடை செல்கிறது. அது ஒரு வாய்க்கால் அளவே அகலமுடையது. சிறுவர்கள் ஒரே தாண்டில் தாண்டிவிடலாம். இச்சிற்றோடையே இவ்வூரின் வரலாற்றை வகுத்தது.

எல்லைக்கல் நட்ட காலம்

1810ஆம் ஆண்டில் ஓடையின் கரையில் எல்லைக்கற்கள் நடப்பட்டன. ஒரு கரை பவேரிய மன்னருக்கும் மறு கரை ராய்ஸ் என்னும் சிற்றரசுக்கும் உரியவையாயின. ஆட்சி இரண்டாயினும் மக்கள் ஒன்றாகவே வாழ்ந்தனர். பள்ளிக்கூடமும் உணவு விடுதியும் துரிங்கியப் பக்கம் இருந்தன. இரு கரைப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து படித்தனர். வழிபாட்டிற்கோ, இரு கரையினரும் பவேரியப் பக்கத்திலுள்ள டோப்பன் என்னும் ஊரின் தேவாலயத்திற்குச் சென்றனர். ஒரு கரையில் பெண் எடுப்பதும் மறு கரையில் கொடுப்பதும் இயல்பாக நிகழ்ந்தன. எல்லைக்கல் இருந்தது; ஆனால் அது எவருடைய காலையும் தடுக்கவில்லை.

ஊர் இரண்டான கதை

1945ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. வென்ற நாடுகள் அதனைப் பகுதிகளாகப் பிரித்து ஆண்டன. துரிங்கியா சோவியத் நாட்டின் ஆளுகையிலும் பவேரியா அமெரிக்காவின் ஆளுகையிலும் வந்தன. 1949ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என இரு நாடுகள் தோன்றின. அப்போது மோட்லராய்ட்டின் சிற்றோடை இரு நாடுகளின் எல்லையாயிற்று.

தொடக்கத்தில் அனுமதிச் சீட்டுடன் ஓடையைக் கடக்க முடிந்தது. கிழக்கிலிருந்து மக்கள் பெருந்திரளாக மேற்கு நோக்கி வெளியேறியதால், 1952ஆம் ஆண்டு மே மாதத்தில் கிழக்கு ஜெர்மனி அரசு எல்லையை அடைத்தது. எல்லையோரம் 10 மீட்டர் அகலத்திற்கு நிலம் வெறுமையாக்கப்பட்டது. 500 மீட்டர் வரை கடுங்காவல் பகுதி. 5 கிலோமீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. நம்பத்தகாதவர் என்று அரசு கருதிய குடும்பங்கள் எல்லையோர ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டன. மோட்லராய்ட்டில் முதலில் மரப்பலகை வேலி எழுந்தது. பின்னர் முள்வேலி வந்தது. 1966ஆம் ஆண்டில் 700 மீட்டர் நீளமும் மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட உயரமும் கொண்ட கான்கிரீட் மதில் கட்டப்பட்டது. காவற்கோபுரங்கள் நின்றன, இரவெல்லாம் விளக்குகள் எரிந்தன.

இதன் பின் வாழ்க்கை எவ்வாறு இருந்தது? மேற்குக் கரையில் உழவர் தம் சொந்த நிலத்தைப் பயிரிட்டனர். கிழக்குக் கரையில் நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாக்கப்பட்டன. கிழக்குக் கரை உறவினரைக் காண வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும். மேற்கிலிருந்து ஒருவர் கையசைத்தால், கிழக்கிலிருப்பவர் பதிலுக்குக் கையசைப்பதும் தடை செய்யப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டாரின் குரல் காதில் விழும்; ஆனால் பதில் சொல்ல இயலாது. பெற்றோர்களே, இக்கொடுமையை எண்ணிப் பாருங்கள்! நகர மதிலை ஒத்த மதில் இச்சிற்றூரிலும் நின்றமையால் அமெரிக்கப் படையினர் இதனைச் 'சின்ன பெர்லின்' என்றழைத்தனர். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கத் துணை அதிபராயிருந்த ஜார்ஜ் புஷ் இங்கு வந்து மதிலைப் பார்வையிட்டார்.

மதில் விழுந்தது

1989ஆம் ஆண்டில் கிழக்கு ஜெர்மனி மக்கள் உரிமை கேட்டு அமைதியாகத் திரண்டனர். அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள், மோட்லராய்ட்டுக்கு அண்மையிலுள்ள பிளாவென் நகரில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர். நவம்பர் 9ஆம் நாள் பெர்லின் மதில் திறக்கப்பட்டது. ஆயினும் மோட்லராய்ட் மேலும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. டிசம்பர் 9ஆம் நாள் அங்கும் மதிலில் வழி திறந்தது. மக்கள் ஓடையைக் கடந்து ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். 1990ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் இயந்திரம் கொண்டு மதில் இடிக்கப்பட்டது. அக்டோபர் 3ஆம் நாள் ஜெர்மனி மீண்டும் ஒரே நாடாயிற்று. மதிலின் ஒரு பகுதி மட்டும் காவற்கோபுரத்துடன் அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. வருங்காலத்தார் மறவாதிருக்கவே இந்த ஏற்பாடு.

இன்றைய மோட்லராய்ட்

வியப்பான செய்தி ஒன்று உண்டு. மதில் போயிற்று, எல்லைக்கோடு போகவில்லை! மாநில எல்லை இன்றும் அந்த ஓடைதான். ஒரு கரை டோப்பன் ஊராட்சியையும், மறு கரை கெஃபெல் நகராட்சியையும் சேர்ந்தவை. ஆகவே இச்சிற்றூருக்கு மேயர்கள் இருவர். அஞ்சல் குறியீட்டு எண்கள் இரண்டு. வாகனப் பதிவு எழுத்துகளும் இரு வகை. பள்ளி விடுமுறை நாள்களும் வேறுபடும். பவேரியக் கரையில் 'குரூஸ் கோட்' என்பர். துரிங்கியக் கரையில் 'கூட்டன் டாக்' என்பர். இரண்டும் வணக்கமே. இத்தனை வேறுபாடுகள் இருந்தும் எவருக்கும் துன்பமில்லை. ஏனெனில் எவரும் எந்நேரமும் ஓடையைக் கடக்கலாம்; மறுகரைக்கு வணக்கம் சொல்லலாம்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஆட்சிக்கும் கணக்கிற்கும் எல்லைகள் தேவைப்படலாம். அவை மனிதர் உறவை முறிப்பதில்லை. அந்த எல்லையின்மேல் அச்சத்தால் மதில் எழுப்பி, அண்டை வீட்டாரின் வணக்கத்தையும் தடுக்கும்போதுதான் ஓர் ஊர் இரண்டாகிறது. தான்பாக் ஓடை 1810இலும் ஓடியது, 1966இலும் ஓடியது, இன்றும் ஓடுகிறது. ஓடை மாறவில்லை, அதன் இரு கரையிலும் மனிதர் நடந்துகொண்ட முறையே மாறியது.

பயிற்சி

1. 'ராய்ட்' என்னும் சொல்லின் பொருள் யாது?
2. பிரிவினைக்கு முன் இரு கரைப் பிள்ளைகளும் எங்குப் படித்தனர்?
3. மோட்லராய்ட் மதில் எந்த ஆண்டில் கட்டப்பட்டது? எப்போது இடிக்கப்பட்டது?
4. எல்லைக்கல்லுக்கும் மதிலுக்கும் உள்ள வேறுபாட்டை உம் சொந்த நடையில் எழுதுக.