மூன்று முறை கேஸ் நிரப்பியும் சூடான காற்று: செலவு யார் தலையில்?

கேள்வி: 9 லட்சம் ரூபாய்க்குப் புதுக் கார் வாங்கி இருபது மாதம் ஆகிறது. வாரண்டி இரண்டு ஆண்டு. சில மாதங்களுக்கு முன் ஏசியில் சூடான காற்று வரத் தொடங்கியது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் மூன்று முறை கேஸ் நிரப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம்தான் குளிர்ந்தது. கேஸ் வாரண்டியில் வராது என்று சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது கண்டென்சரில் கல் பட்டு ஓட்டை விழுந்திருக்கிறது, அதுவும் வாரண்டியில் வராது, 18 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். வேறு கார் கேட்டு வழக்குப் போடலாமா? – வாசகர், மதுரை

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் வேறு கார் கேட்டுப் போடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் வலுவான கோரிக்கை வேறு: கேஸுக்குக் கொடுத்த பணம், ஏசியை முழுமையாகச் சரிசெய்து தருவது, அலைச்சலுக்கு இழப்பீடு. இதற்கான சாட்சியத்தை சர்வீஸ் சென்டரே எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த மூன்று ஜாப் கார்டுகளும் பில்களும்தான் அது.

காரணத்தைச் சொல்கிறேன். கார் ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. கம்ப்ரஸர், கண்டென்சர், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயில், இவற்றை இணைக்கும் குழாய்கள் என மூடிய சுற்றுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ‘ஓட ஓடக் கொஞ்சம் குறையத்தான் செய்யும்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். ரப்பர் குழாய்கள், இணைப்புகள் வழியாக மிக மெதுவாகக் கசிவது உண்மைதான். ஆனால் குளிர்ச்சியே போகும் அளவுக்கு அப்படிக் குறைய வருடங்கள் ஆகும். ஒரே மாதத்தில் காலியாகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் அழுத்தச் சோதனை, கசிவு காட்டும் கருவி, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் என்று வழிகள் உண்டு. கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கு இவை புதியவை அல்ல. முதல் தடவை நிரப்பியதைக்கூட விட்டுவிடலாம். இரண்டாம் தடவை, கசிவைத் தேடாமல் மறுபடி நிரப்பிப் பணம் வாங்கியது பழுதுபார்ப்பே அல்ல. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு இதுதான். இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸருக்கான எண்ணெயும் கசியும். எண்ணெய் குறைந்த கம்ப்ரஸர் தேய்ந்து போனால் செலவு பல மடங்காகும். அதனால் கேஸ் குறைந்த நிலையில் ஏசியை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

இனி அவர்கள் காட்டும் கல்லுக்கு வருவோம். இது போலிக் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. ரேடியேட்டருக்கு முன்னால் காற்றை எதிர்கொண்டு நிற்பது கண்டென்சர். அதன் மெல்லிய குழாய்களைச் சாலைக் கல் துளைப்பது நடக்கக்கூடியதுதான். வெளியிலிருந்து ஏற்பட்ட சேதத்தை வாரண்டி பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, கல் எப்போது பட்டது என்பது. முதல் தடவைக்கு முன்பே பட்டிருந்தால், கண் முன்னால் இருக்கும் பாகத்தை மூன்று முறையும் ஏன் பார்க்கவில்லை? அண்மையில்தான் பட்டது என்றால், அதற்கு முன் கேஸ் எந்த வழியாகப் போனது? எந்தப் பதிலைச் சொன்னாலும் அவர்களுக்குச் சிக்கல்தான். முதல் பதில் சேவைக் குறைபாட்டை ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது பதில், வாரண்டிக்குள் வரும் வேறொரு கசிவு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறது. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: கல் பட்டது மட்டுமே காரணம் என்று சோதனையில் தெரிந்தால், கண்டென்சர் விலை உங்களுடையது, வீணாக நிரப்பிய கேஸின் விலை மட்டும் அவர்களுடையது. அப்போது உங்கள் காருக்கு சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கல் பட்ட சேதத்தை விபத்துச் சேதமாகக் கோரலாம். தேய்மானக் கழிவு போக மீதி கிடைக்கும். வேலை தொடங்கும் முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும்.

வேறு கார் கேட்க வேண்டாம் என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே காரணம். மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான 2006ஆம் ஆண்டு வழக்கில் கிளட்ச் கோளாறுக்காக முழுக் காரையும் மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் வாரண்டியின் கடமை என்றது. ஃபியட் இந்தியா தொடர்பான 2010ஆம் ஆண்டு வழக்கில், உள்ளார்ந்த உற்பத்திக் குறைபாடு இருப்பதாகத் தனி நிபுணர் கருதினால் விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றது. ஏசி கோளாறு முழுக் காரையும் பயனற்றதாக்கும் குறைபாடு என்று நிரூபிப்பது மிகக் கடினம். பெரிதாகக் கேட்டால்தான் பாதியாவது கிடைக்கும் என்ற எண்ணம் நுகர்வோர் வழக்கில் உதவாது. நிரூபிக்க முடியாத கோரிக்கை, நிரூபிக்கக்கூடியதையும் சேர்த்து இழுத்தடிக்கும்.

செய்ய வேண்டியது இது. கண்டென்சரைக் கழற்ற விடுவதற்கு முன், ஓட்டை இருக்கும் இடத்தைப் படமெடுங்கள். கசிவு எங்கே, எந்தச் சோதனையில் தெரிந்தது, வாரண்டியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். வாரண்டி முடிய நான்கு மாதமே இருப்பதால், புகார் அதற்குள் எழுத்தில் பதிவாக வேண்டும். வாரண்டி முடியும் வரை வெளிக்கடையில் ஏசியில் கை வைக்க விடாதீர்கள். பிறகு எல்லாப் பழியும் அந்தக் கடை மேல் விழும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கார் வேறு ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டம் போதும். காரின் விலைப்படி கட்டணம் 200 ரூபாய். காலக்கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. முதல் தடவை காரை விட்ட தேதியிலிருந்தே கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பு.

டீலர், தயாரிப்பு நிறுவனம் இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். சேவைக்கு டீலரும் பாகத்துக்குத் தயாரிப்பாளரும் என்று பொறுப்பு பிரிந்து கிடப்பதால், ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அங்கே கை காட்டித் தப்பிப்பார். கசிவின் காரணத்தில் தகராறு வந்தால், பிரிவு 38(2)(சி)யின்படி பழுதான பாகத்தை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் மனுச் செய்யுங்கள். அதற்குப் பழைய கண்டென்சர் இருக்க வேண்டும். அவசரத்துக்குப் பணம் கட்டி மாற்ற நேர்ந்தால், ‘ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்’ என்று பில்லில் எழுதிக் கையெழுத்திட்டு, கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.