பாடபேதமும் கணினி நிரலும்

ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தோர் பலர். எவ்விடத்தை எதற்காக மாற்றினோம் என எழுதிவைத்தோர் மிகச் சிலரே. அதனாலன்றோ 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் சுவடிகளை ஒப்புநோக்கி இடர்ப்பட நேர்ந்தது!

பலர் கூடித் திருத்தும் கணினி நிரலுக்கும் இவ்விடர் உண்டு. லினக்ஸ் நிரலைப் பேணும்பொருட்டு லினஸ் தோர்வால்ட்ஸ் 2005 இல் இயற்றிய 'கிற்', ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தவர் பெயர், நாள், காரணம் என்பவற்றோடு பதிகின்றது. (காரணத்துக்குரிய இடத்தில் 'திருத்தம்' என்று மட்டும் எழுதுவாரை என்னென்பது!) பதிவின் உள்ளடக்கத்தினின்று கணிக்கப்படும் குறியீடே அதன் பெயர், வழக்கமாக 40 குறிகள் கொண்டது. முந்திய பதிவின் குறியீடும் அதனுள் அடங்குதலின், பழையதில் ஓரெழுத்து மாறினும் பின்னுள்ள பெயர்கள் யாவும் மாறிவிடும். ஆகவே மறைவாகத் திருத்துதல் இயலாது.

இவ்வாற்றலைப் பிற செயலிகளும் தம்முள் அமைத்துக்கொள்ள உதவுவது 'லிப்கிற்2' என்னும் சீ மொழி நிரற்றொகுதி. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ளது. கல்கிசையில் நிரல் பயிலும் நம் மாணவர், பாடபேதங்களைப் பேணும் தமிழ்ப் பதிப்புச் செயலியொன்றை இதன்மேல் எழுப்பலாம் என்பது எம் விருப்பம். மூலநிரலைப் பெற்றுச் 'சீமேக்' கருவியின் துணையோடு தொகுத்துத் தம் செயலியோடு இணைத்தல் வேண்டும். பயன்படுத்துங்கால், தொடக்கச் செயற்கூற்றை முதலில் அழைத்த பின்னரே ஏனையவற்றை அழைக்கலாம்.