ரோமுக்கு எந்த விமானம்?

ஐரோப்பாவுக்குப் போக எந்த விமானம் நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் கம்பெனி பெயர் எதுவும் சொல்வதில்லை. "எங்கே ஏறப்போறீங்க, எங்கே மாறப்போறீங்க?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். தூத்துக்குடிக்காரர்களுக்கு ஐரோப்பாவுக்கு ஒரே விமானம் என்பது கிடையாது. ஓரிடத்திலாவது இறங்கி மாறியாக வேண்டும், பல நேரம் இரண்டு இடங்களில். பயணம் கெடுவதும் நன்றாக அமைவதும் அந்த மாறுகிற இடத்தில்தான். இருக்கை அகலம், சினிமாத் திரை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கப்பல்காரர்கள். கப்பல் ஏஜென்சியில் 'க்ரூ சேஞ்ச்' வேலை பார்த்தவன் நான். ராட்டர்டாமிலோ ஹாம்பர்க்கிலோ ஆன்ட்வெர்ப்பிலோ நிற்கிற கப்பலுக்கு இங்கிருந்து ஆள் போய் 'சைன் ஆன்' செய்ய வேண்டும். கப்பல் சரக்கை இறக்கியதும் கிளம்பிவிடும், ஒருவருக்காகக் காத்திருக்காது. அதனால் விமானத்தின் விலையைப் பார்க்கும் முன்பே, ஒரு இணைப்பு தவறினால் அடுத்தது எப்போது என்று பார்க்கும் பழக்கம் எங்களுக்கு ஊறிப்போனது. ஒரு போசன் என்னிடம் சொன்னது இன்றும் எனக்கு அளவுகோல்: "அண்ணாச்சி, படமும் வேண்டாம், பலகாரமும் வேண்டாம். ஏறுனா தூங்கணும், எறங்குனா என் பெட்டி வந்து நிக்கணும்."

பிறகு கோயில் ஆட்களுக்கும் டிக்கெட் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். 2022 மே 15 அன்று வத்திக்கானில் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது இந்தக் கடற்கரையிலிருந்தும் நெல்லை, குமரிப் பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் போக ஆசைப்பட்டார்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம் எங்கள் தூத்துக்குடி மறைமாவட்டத்து ஊர். இந்தியாவிலிருந்து வழக்கமான பன்னாட்டு விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கியதே அந்த ஆண்டு மார்ச் 27-இல்தான். விழாவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. விலை ஏறிக் கிடந்தது, விசாவுக்கு நாள் கிடைப்பது பெரும்பாடு. மணப்பாட்டிலிருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், "தம்பி, ரோமாபுரி போய்ச் சேர்ந்தாச் சரி. எந்தப் பிளேனா இருந்தா எனக்கென்ன?" என்றார். "டீச்சர், உங்க முழங்காலுக்குத்தான் நான் டிக்கெட் பாக்குறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுபது வயதைத் தாண்டியவருக்கு ஐம்பது நிமிட இணைப்பு கொடுப்பது அநியாயம்.

முதலில் எங்கே ஏறுவது என்பதைப் பார்ப்போம். எங்கள் ஊர் விமான நிலையமான வாகைக்குளத்தில் 2025 ஜூலை 26 அன்று புதிய முனையம் திறந்தார்கள். ஓடுபாதையும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது. எங்கள் ஊருக்கு இது பெரிய சந்தோஷம். ஆனால் ஐரோப்பாப் பயணிக்கு வாகைக்குளம் இன்னும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் வழிதான். மதுரையிலிருந்து கொழும்பு, துபாய், அபுதாபி என்று சில வழிகள் உண்டு. கொழும்பு போனால் ஸ்ரீலங்கன் விமானத்தில் லண்டனுக்கும் பாரிசுக்கும் போகலாம். நம் பக்கத்து ஆட்கள் பலர் மறந்துவிடுவது திருவனந்தபுரத்தை. நெல்லை, நாகர்கோவில் வழியாக நாலு, நாலரை மணி நேரக் கார்ப் பயணம். அங்கிருந்து வளைகுடாவுக்கு விமானங்கள் வரிசையாக இருக்கின்றன. துபாய், தோஹா, அபுதாபி எதில் மாறினாலும் அடுத்த விமானம் நேரே ரோமில் இறக்கிவிடும். ஒரே மாற்றம், அவ்வளவுதான். 2022-இல் குழுவாகப் போனவர்களுக்கு நான் அதைத்தான் சொன்னேன். வண்டி ஆரல்வாய்மொழியைக் கடந்துதான் போகும். தேவசகாயம் சுட்டுக்கொல்லப்பட்ட காற்றாடிமலை அங்கேதான் இருக்கிறது. விமானம் ஏறப்போகிறவர்கள் அங்கே இறங்கி ஜெபித்துவிட்டுப் போனார்கள்.

சென்னை வழி வேறு மாதிரி. லுஃப்தான்சா சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு நேரே போகிறது. பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு சின்னப் பயணத்தில் ரோம். இளவயதினருக்கும் ஜெர்மனிக்கே போகிறவர்களுக்கும் இது அருமையான வழி. பெங்களூரிலிருந்து கே.எல்.எம். ஆம்ஸ்டர்டாம் போகிறது. ராட்டர்டாமில் கப்பல் ஏறும் ஆட்களுக்கு அதைவிட வசதி இல்லை, விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில். இண்டிகோவும் 2025 ஜூலையில் மும்பையிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் மான்செஸ்டருக்கும் பறக்கத் தொடங்கியது.

சென்னை வழியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு விஷயங்களில் மனம் வைக்க வேண்டும். ஒன்று, வாகைக்குளத்திலிருந்து சென்னை போகும் டிக்கெட்டும் ஐரோப்பா டிக்கெட்டும் ஒரே பதிவு எண்ணில் இருக்கின்றனவா என்பது. தனித்தனியாக வாங்கினால் உள்நாட்டு விமானத்தில் சாதாரணமாக 15 கிலோதான். ஐரோப்பாவுக்கு 23 கிலோ, சில கம்பெனிகளில் 30 கிலோ என்று கட்டிய பெட்டிக்கு வாகைக்குளத்திலேயே கூடுதல் பணம் கட்ட வேண்டிவரும். பணம்கூடப் பெரிதில்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு உங்கள் மேல் எந்தக் கடமையும் இல்லை. ஒரே பதிவில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு. வளைகுடாவிலும் இதே கதைதான்: ஒரே டிக்கெட்டில் உள்ளுக்குள்ளேயே மாறினால் அந்த நாட்டு விசா தேவையில்லை. தனித்தனி டிக்கெட் என்றால் வெளியே வந்து பெட்டி எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்கு விசா வேண்டும். கவுன்டரில் பெட்டியைக் கொடுத்ததும் ஒட்டுகிற சீட்டில் கடைசி ஊரின் மூன்று எழுத்தை நின்று வாசியுங்கள். ரோம் என்றால் எஃப்.சி.ஓ. என்று இருக்க வேண்டும்.

இரண்டாவது, தேதி. சென்னையிலிருந்து ஐரோப்பா போகும் விமானம் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும். டிக்கெட்டில் 12-ஆம் தேதி என்று இருந்தால் நீங்கள் 11-ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். படித்தவர்களே இதில் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நான் டிக்கெட் கொடுக்கும்போது, 'செவ்வாய் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

எங்கே மாறுவது என்பதற்கு இப்போது வருகிறேன். பிராங்க்ஃபர்ட்டில் மாறி ரோம் போனால் ஷெங்கன் நாடுகளுக்குள் நுழைவது பிராங்க்ஃபர்ட்டில். குடியேற்ற வரிசை, பாஸ்போர்ட் சோதனை, மறுபடி பாதுகாப்புச் சோதனை எல்லாம் பயணத்தின் நடுவில் வருகின்றன, அடுத்த விமானம் ஒரு பக்கம் அழைத்துக்கொண்டிருக்கும்போதே. 2025 அக்டோபர் 12 முதல் விரல் ரேகையும் முகப் படமும் எடுத்துப் பதியும் புது முறையை ஐரோப்பா படிப்படியாகக் கொண்டுவந்தது. முதல் தடவை போகிறவருக்கு வரிசையில் நேரம் கூடும். அதனால் அங்கே மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இணைப்பை வயதானவர்களுக்கு நான் எடுப்பதில்லை. துபாயிலோ தோஹாவிலோ மாறினால் அந்த வரிசை ரோமில்தான் வரும். அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் காத்திருப்பது உங்கள் பஸ் மட்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே குழுக்களை வளைகுடா வழியாக அனுப்புகிறேன்.

லண்டன் வழி என்றால் கொஞ்சம் நில்லுங்கள். இத்தாலிக்கு வாங்கிய சாதாரண ஷெங்கன் சுற்றுலா விசாவை வைத்துக்கொண்டு ஹீத்ரோவில் விமானம் மாறப் போகிற இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு, வெளியே வராவிட்டாலும் பிரிட்டனின் டிரான்சிட் விசா தனியாக வேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் மலிவு டிக்கெட் என்று வாங்கிவிட்டால் சென்னைக் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். ரோமுக்கும் பாரிசுக்கும் நடுவே இரண்டு நாள் லண்டன் பார்க்க நினைக்கிறவர்கள், ஷெங்கன் விசா ஒரு நுழைவுக்கா பல நுழைவுக்கா என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். வெளியே போனால் ஒரு நுழைவு விசா முடிந்துபோகும்.

விலை. இதைப் பேசாமல் தூத்துக்குடியில் டிக்கெட் பேச்சே இல்லை. கட்டணப் போட்டி என்றால் என்ன என்று இந்த ஊர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது. 1906-இல் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. இவர் எட்டணாவுக்கு இறக்கினார். கடைசியில் அவர்கள் காசே வாங்காமல் ஏற்றிக்கொண்டு குடையும் கொடுப்பதாகச் சொன்னார்கள். அப்படியும் சுதேசிக் கப்பலில் காசு கொடுத்து ஏறினார்கள் நம் ஆட்கள். கட்டணத்தைத் தாண்டி ஒன்றைப் பார்த்து ஏறத் தெரிந்த ஊர் இது.

மலிவு டிக்கெட்டில் நான் முதலில் படிப்பது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், தேதி மாற்ற எவ்வளவு என்ற பகுதியை. விசா கையில் வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கவே கூடாது. விசா விண்ணப்பத்துக்கு முன்பதிவு விவரம் போதும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். கப்பலுக்குப் போகிற தம்பிகள் சாதாரண டிக்கெட் எடுக்காமல் 'மரைன் ஃபேர்' கேட்க வேண்டும். சி.டி.சி. என்னும் கடலோடிப் பதிவுப் புத்தகமும் கம்பெனிக் கடிதமும் காட்டினால் கூடுதல் எடையும் தேதி மாற்றச் சலுகையும் பெரும்பாலான கம்பெனிகளில் கிடைக்கும்.

டிசம்பரில் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. இரண்டு வாரம் கழித்து, 17, 18 தேதிகளில் நம் மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது நினைவிருக்கும். அடுத்த ஆண்டு நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலில் சென்னை மறுபடி மூடியது. கிறிஸ்துமஸுக்கு ரோமில் இருக்க வேண்டும் என்றால், சென்னை விமானத்துக்கு ஒரு நாள் முன்பே சென்னையில் போய் இருங்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் போய் ஒரு பகல் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழுந்து விமானம் ஏறுவது, மாலை விமானத்தில் அவசரமாகப் போய் மாறுவதைவிடப் பாதுகாப்பு. கப்பல் ஆட்களை மழைக்காலத்தில் அப்படித்தான் அனுப்பினோம்.

வளைகுடா வழிக்கும் ஆபத்து உண்டு, மறைக்கக் கூடாது. 2025 ஜூன் 23 அன்று கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியபோது அந்த நாட்டு வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டது. தோஹா போன விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின. அந்தப் பக்கம் பதற்றம் இருக்கும் மாதங்களில் விலை எவ்வளவு இறங்கினாலும் பிராங்க்ஃபர்ட் வழியைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

விமானத் தாமதத்துக்கான ஐரோப்பிய இழப்பீட்டுச் சட்டம் பொருந்துவதும் கம்பெனியைப் பொறுத்து மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். இங்கிருந்து அங்கே போகும்போது, பறப்பது ஐரோப்பியக் கம்பெனியாக இருந்தால் மட்டுமே. நம் தூரத்துக்கு, கம்பெனியின் தவறால் வெகுநேரம் தாமதமானால் 600 யூரோ வரை கேட்கலாம். புயல், போர் போன்றவற்றுக்குப் பணம் கிடையாது, ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்தாக வேண்டும். போர்டிங் பாஸைத் திரும்பி வந்து சேரும்வரை கிழித்துப் போடாதீர்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலியை 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டுப் பதியுங்கள். வெட்கப்பட வேண்டியதே இல்லை. துபாய் முனையத்தில் ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தூரத்தை மணப்பாடு டீச்சர் வண்டியில் உட்கார்ந்துதான் கடந்தார், ரோமில் இறங்கும்போது நடக்கத் தெம்பு இருந்தது.

பெட்டியில் என்ன கொண்டுபோகலாம் என்று கேட்பார்கள். இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பாவுக்குள் தடை, தயிர் மிளகாயைக்கூட வீட்டில் விட்டுவிடுங்கள். மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, காயவைத்த மீனும் அதில் சேரும். பிள்ளைகளுக்குக் கருவாடு கொண்டுபோகிறவர்கள் காற்றுப் புகாத உறையில் இரண்டு சுற்றுக் கட்டி, மேலே என்ன மீன் என்று ஆங்கிலத்தில் எழுதிப் பெரிய பெட்டியில் வையுங்கள். மக்ரூனை மட்டும் கைப்பையில் எடுத்துப் போங்கள், சரக்குப் பெட்டியில் போட்டால் தூளாகிவிடும்.